தனிப் பஞ்சாயத்துகூட இல்லாத ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி? வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கையேடு

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் சுற்றியவர்களுக்குத் தெரியும், ஒரு பஞ்சாயத்து போர்டைத் தாண்டினால் நாலு திசையிலும் மோட்டூர், கொல்லைமேடு, புதூர், காலனி என்று சின்னச் சின்ன ஊர்கள் வரும். நாற்பது வீடு, ஒரு கங்கையம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி. தனிப் பஞ்சாயத்து கிடையாது, வருவாய்க் கணக்கில் தனிக் கிராமமும் கிடையாது. பழைய பத்திரத்தில் 'இன்ன கிராமம் மதுரா இன்ன மோட்டூர்' என்று தாய்க் கிராமத்தோடு சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள், மதுரா என்றால் தாய்க் கிராமத்தில் அடங்கிய சிற்றூர். சென்சஸ் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. அது வருவாய்க் கிராமத்தை வைத்து எண்ணுகிறது, உங்கள் ஊர் சனம் தாய்க் கிராமத்து எண்ணிக்கைக்குள் போயிருக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தில் பல்லவர், இரண்டாவது பக்கத்தில் சோழர், அப்புறம் விஜயநகரம், ஆற்காடு நவாபு, 1806 வேலூர்க் கோட்டைப் புரட்சி என்று ஓடிவந்து, 'இத்தகைய சிறப்பு வாய்ந்த மண்ணில் அமைந்ததே எங்கள் ஊர்' என்று முடித்துவிடுகிறார்கள். அதில் ஊர் எங்கே இருக்கிறது? நான் சொல்லப்போவது தலைகீழ் வழி. நிலத்தில் ஆரம்பியுங்கள், தண்ணீருக்குப் போங்கள், பிறகு ஆட்களிடமும் கோயிலுக்கும் போங்கள். ராஜாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவர் உங்கள் ஊர்ப் பக்கம் வந்ததற்குக் கல்லிலோ காகிதத்திலோ தடயம் இருந்தால் மட்டும்.

நிலத்தின் கணக்கு

முதல் வேலை, உங்கள் ஊர் எந்த வருவாய்க் கிராமத்துக்குள் வருகிறது என்று உறுதி செய்துகொள்வது. பஞ்சாயத்து ஒரு பெயரிலும் வருவாய்க் கிராமம் வேறு பெயரிலும் இருப்பது இங்கே சகஜம். வீட்டில் யாருடைய பட்டாவையாவது வாங்கிப் பாருங்கள், வட்டம், கிராமம், சர்வே எண் மூன்றும் அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்து அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம், யாருடையது என்று சொல்லும் பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். ஓர் எண்ணோடு நிறுத்தாமல் ஊரைச் சுற்றியுள்ள எண்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஊர்க் கதையில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

பதிவேட்டில் தனியார் பெயருள்ள எண்களைவிடப் புறம்போக்கு எண்களைக் கவனமாகப் பாருங்கள். ஏரி, குட்டை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மந்தைவெளி, மயானம், கிராம நத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருக்கும். நத்தம் குடியிருப்புக்கான இடம். அது எத்தனை துண்டாக இருக்கிறது, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தத் துண்டு மேட்டில், எது ஏரிக்குக் கீழே பள்ளத்தில் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நல்ல இடம் யாருக்குக் கிடைத்தது, யாரை எங்கே தள்ளி வைத்தார்கள் என்று யாரும் சொல்லாமலே புரிய ஆரம்பிக்கும். பல ஊர்களில் மயானமும் இரண்டு இருக்கும். ஏன் இரண்டு என்பதையும் எழுதத்தான் வேண்டும். இன்றைக்கு வீடு நிற்கிற இடம் பதிவேட்டில் குட்டை என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் யார் வீடு என்று அச்சில் போடாதீர்கள். நீங்கள் எழுத வந்தது வரலாறு, ஆக்கிரமிப்புப் புகார் இல்லை.

முழுக் கிராம வரைபடம் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் தாலுகா ஆபீசின் சர்வே பிரிவிலும் இருக்கும். சும்மா கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்று இழுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். காரணம் சொல்லச் சட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் நேரில் ஒருமுறை போய் 'சார், ஊர் வரலாறு எழுதறோம்' என்று சொல்லிவிட்டு வந்தால் வேலை சுலபமாக நடக்கும். இன்னொன்று, பரம்பரை மணியக்காரர், கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தார்கள், வி.ஏ.ஓ. அதற்கு அப்புறம் வந்தவர். பழைய கணக்குகள் எல்லாமே ஒழுங்காகத் தாலுகாவுக்குப் போய்ச் சேரவில்லை. சில கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டதும் உண்டு. அந்தக் குடும்பம் இன்றைக்கு சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

டிரங்குப் பெட்டிக் காகிதங்கள்

அடுத்து வீடு வீடாகப் போய்ப் பழைய பத்திரம் கேட்பது. கிரயம், போக்கியம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்டு எதுவானாலும் சரி. யாரும் உடனே எடுத்துத் தர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப்போய்க் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் கண் முன்னாலேயே போனில் படம் எடுத்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள், வீட்டுக்கு மட்டும் எடுத்து வராதீர்கள்.

பத்திரத்தில் விலையைவிட நான்கெல்லையை முக்கியமாகப் பாருங்கள். 'இன்னார் கழனிக்கு மேற்கு, கானாற்றுக்கு வடக்கு, இலுப்பைத் தோப்புக்குத் தெற்கு' என்று எழுதியிருப்பார்கள். இன்று அந்தத் தோப்பும் இல்லை, அந்த மனிதரின் வாரிசும் ஊரில் இல்லை. பத்து வீட்டுப் பத்திரங்களின் எல்லைகளைச் சேர்த்து ஒரு தாளில் வரைந்தால் எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டவைதான் வரும். அதற்கு முந்தையது வேண்டும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

ஜில்லா பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைமையிடம் சித்தூர், அதற்குப் பிறகுதான் வேலூர். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால் அது தப்பில்லை, 1911க்கு முன்னால் அந்தத் தாலுகா சேலத்தோடுதான் இருந்தது. 1989ல் வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அம்பேத்கர் மாவட்டம் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019ல் அதையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாக்கினார்கள். எந்த ஆவணத்தை எந்த ஊர் அலுவலகத்தில் தேடுவது என்பதற்கு இந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். சித்தூர் இன்று ஆந்திராவில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தேதி கண்டுபிடிக்க நாலு விஷயம் தெரிந்தால் போதும். வருவாய்க் காகிதத்தில் பசலி என்று இருந்தால் 590 கூட்டுங்கள், பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கிய வருஷம். கல்வெட்டில் சக வருஷம் இருந்தால் 78 கூட்ட வேண்டும். ஸ்டாம்புக் காகிதத்தில் விக்டோரியா தலை இருந்தால் 1901 வாக்கிலோ அதற்கு முன்னாலோ, எட்வர்டு என்றால் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1936 வரை என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். தமிழ் வருஷம்தான் ஏமாற்றும், ஏனென்றால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'தாது வருஷத்துல தாத்தாவோட அப்பா வந்து குடியேறினார்' என்று ஒருவர் சொன்னால் அது 1876ஆ 1936ஆ என்று தலைமுறையை எண்ணிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். 1876 என்றால் அது தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் வட ஆற்காடும் அடிபட்டது, பிழைக்க இடம் தேடிச் சனம் அலைந்த காலம். ஒரு மோட்டூர் அப்போது உருவாகியிருந்தால் அதை ஒரு வரியில் தாண்டிப் போகக் கூடாது. காணி என்று அளவு வந்தால் மெட்ராஸ் கணக்கில் 1.32 ஏக்கர், இதையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

என்னைக் கேட்டால் வட ஆற்காட்டுச் சிற்றூர் எதற்கும் இதுதான் நடு அத்தியாயம். ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கானாறு, எத்தனை மதகு, கோடி போனால் (ஏரி நிரம்பி வழிந்தால்) தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும் என்று நடந்தே பாருங்கள், வண்டியில் போனால் பாதி தெரியாது. கோடி கடைசியாக எந்த வருஷம் போனது என்று கேளுங்கள், ஊரில் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பிறகு ஒப்பிடுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அதை வைத்துப் பேச்சை ஆரம்பித்தால் பின்னால் பின்னால் போகலாம். பாலாற்றுக் கரை ஊர் என்றால் 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைப் பற்றித் தாத்தா காலத்துப் பேச்சு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கிணறு இன்னும் சுவாரசியம். ஊரில் உள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: யார் வெட்டினார்கள், எத்தனை பங்கு, மாடு கட்டி இறைத்த கவலை எப்போது நின்றது, ஆயில் எஞ்சின் எப்போது, கரண்டு எப்போது வந்தது, எப்போது ஆழப்படுத்தினார்கள், எப்போது வற்றி ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் நெல் எப்போது நின்று தென்னையும் கரும்பும் எப்போது வந்தன, கழனிக்காரர் எப்போது ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏற ஆரம்பித்தார் என்பது வரைக்கும் தானாக வந்து விழும். 1973லேயே கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நெல்லையும் பம்புசெட்டையும் பற்றிக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கட்டுரைகள் கிடைத்தால் கேள்விகள் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைச் சுற்றுவட்டாரம் என்றால் தோல் பதனிடும் கழிவைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. கிணற்றுத் தண்ணீர் எப்போது நிறம் மாறியது, தென்னை எப்போது காய்ந்தது, யாருக்கு நஷ்டஈடு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கேளுங்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. டெல்லியில் எழுதிய அந்தத் தீர்ப்புக்கும் உங்கள் ஊர்க் கிணற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பெரிய வரலாற்றைக் கொண்டுவர ஆசைப்பட்டால் இந்த மாதிரி இடத்தில் கொண்டுவாருங்கள்.

யாரிடம் கேட்பது

எல்லோரும் முதலில் நாட்டாண்மையிடமும் தர்மகர்த்தாவிடமும் போவார்கள். மரியாதைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், போங்கள். அங்கே கிடைப்பது ஊர் தன்னைப் பற்றி வெளியாளிடம் சொல்லிக்கொள்ள விரும்புகிற கதை. அதற்கு அப்புறம் ஆயாக்களிடம் உட்காருங்கள். வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கு இந்த ஊரின் வழக்கங்கள் கண்ணில் பட்டிருக்கும், பிறந்து வளர்ந்த ஆண்களுக்கு அது பழகிப்போயிருக்கும். 'ஆயா, நீ வந்தப்போ தண்ணி எங்க எடுத்தீங்க? அந்தக் கிணத்துல யாரை எடுக்க விடமாட்டாங்க?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். 'ஊர் வரலாறு சொல்லுங்க' என்று கேட்டால் 'எனக்கு என்னா தெரியும், பெரியவங்களைக் கேளு' என்று முடித்துவிடுவார்கள்.

பீடி சுற்றினவர்கள், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கினவர்கள், கூத்தில் வேஷம் கட்டினவர், பழைய தலையாரி, தோட்டி வேலை பார்த்த குடும்பம், பட்டாளத்துக்குப் போய் வந்தவர், எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டாளம் என்றதும் ஞாபகம் வருகிறது, கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இங்கே உண்டு. முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள் என்று சொல்லும் சின்னக் கல்பலகை உங்கள் தாய்க் கிராமத்தில் எங்காவது சுவரில் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். போரில் இறந்தவர் பெயர் தெரிந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம்.

காலனியைக் கடைசி அத்தியாயமாக அனுபந்தம் போல ஒட்டாதீர்கள். ஊரும் காலனியும் ஒரே வரலாறு, ஒன்றில்லாமல் இன்னொன்றின் கழனியில் நாற்று நட்டிருக்க முடியாது. அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) நிலம் என்று ஏதாவது எண்ணுக்கு எதிரே இருந்தால், அது 1892 அரசாணைப்படி தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருக்கலாம். அது இப்போது யார் கையில் என்று கேட்டால் ஊர் சூடாகும், கேட்கும் முன்னால் காலனிப் பெரியவர்களோடு கலந்துகொண்டு, அவர்கள் எதை வெளியில் சொல்லச் சம்மதிக்கிறார்களோ அதை மட்டும் எழுதுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய புதையல். 1853ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்த ஜில்லாவின் சேரிகளில் பள்ளி நடத்தியது, அதன் ஆண்டறிக்கைகளில் அரசுக் காகிதம் கண்டுகொள்ளாத சிற்றூர்ப் பெயர்களும் வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909 முதல் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தாரே, குடியாத்தம் சாலையை ஒட்டிய ஊர் என்றால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு முதல் நாளிலிருந்து இருக்கும். தலைமையாசிரியர் அனுமதி வாங்கி, எந்த வருஷம் பள்ளி வந்தது, முதல் பெண் பிள்ளை எப்போது சேர்ந்தது, அப்பன் தொழில் என்ன என்று மட்டும் குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் சாதி விவரத்தைப் படம் எடுக்க வேண்டாம்.

கோயில், கூத்து, கல்

கோயில் வரலாறு என்றால் ஸ்தல புராணம் எழுதச் சொல்வார்கள். அது ஒரு பத்தி போதும். நீங்கள் தேட வேண்டியது திருவிழா நோட்டீஸ். திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கிற ஊரில் பதினெட்டு நாள் கூத்துக்கும் எந்த நாள் யார் உபயம், எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு) வந்தது என்று நோட்டீசில் அச்சடித்திருப்பார்கள். 1970ல் ஒரு நோட்டீசும் 2000ல் ஒரு நோட்டீசும் கிடைத்தால், எந்த வகையறா செல்வாக்கு ஏறியது, எது ஊரைவிட்டுப் போனது, எந்தத் தெருவுக்குப் புதிதாக உபயம் கிடைத்தது என்று பெயர்ப் பட்டியலே சொல்லிவிடும். எருது விடும் விழா நோட்டீசும் அப்படித்தான். பெட்டிக்கடைக்காரர், பழைய பிரஸ்காரர், வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்கெல்லாம் இருக்குமோ அங்கெல்லாம் கேளுங்கள்.

வயல் ஓரத்தில் வில்லோ வாளோ பிடித்த உருவத்தோடு கல் நின்றால் அது நடுகல்லாக இருக்கலாம், திருப்பத்தூர், செங்கம் பக்கம் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்து இருந்தால் அதன் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், எண்ணெயைச் சுரண்டாதீர்கள். இருட்டின பிறகு போய் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்து நிழல் கட்டித் தெளிவாக வரும். படத்தைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அதோடு, 1890ல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியைப் புரட்டுங்கள், விரிஞ்சிபுரம், படவேடு, சத்துவாச்சாரி என்று நம் பக்கத்துக் கல்வெட்டுகள் அதில் நிறைய. விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டு ஒன்று சக 1347, அதாவது 1425ல், படைவீட்டு (அதே படவேடுதான்) ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் இனி பொன் வாங்காமல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுப்போம் என்று செய்த உடன்படிக்கை. இவ்வளவு நுணுக்கமாக வாழ்க்கையைச் சொல்லும் கல் பக்கத்து ஊரில் இருக்கும்போது, இல்லாத கல்லுக்காகக் கற்பனை செய்வானேன்?

வெளியூர் ஆவணங்கள்

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள், முதலில் போனால் என்ன கேட்பது என்றே தெரியாது. சர்வே எண், பழைய சர்வே எண், தாலுகா, ஜமீனா, இனாமா (வரி தள்ளிக் கொடுத்த நிலம்), ரயத்துவாரியா (விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டிய நிலம்) என்பது கையில் இருந்தால்தான் செட்டில்மெண்டுப் பதிவேடும் இனாம் பதிவேடும் கேட்க முடியும். ஆரணி ஜாகீர் மாதிரி எஸ்டேட்டுக்குள் இருந்த ஊர் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்டுதான் முக்கியம். ஆங்கிலேய அதிகாரிகளான காக்ஸ் 1881ல் எழுதி ஸ்டூவர்ட் 1890களில் திருத்திய வட ஆற்காடு மேனுவல் இணையத்தில் கிடைக்கிறது. ஏரி, பயிர், வரி பற்றிய பகுதிகளை நம்பிப் படிக்கலாம், சாதிகளைப் பற்றிய பகுதி கலெக்டர் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தது, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன ஊரைப் பற்றி எப்படி எழுதுவது என்று மாதிரி வேண்டுமானால் செய்யாற்றுப் பக்கத்துத் தூசி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னதில் தூசியும் ஒன்று. அது 1918ல் அச்சானது, பிறகு வேறு வேறு காலங்களில் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வருஷத்தில் எத்தனை மாதம் சோறு என்ற கேள்விகள்தான் அதில். இந்தக் கேள்விகளை உங்கள் ஊரில் இன்று கேட்டுப் பதில்களை எழுதி வைத்தாலே பாதிப் புத்தகம் தயார்.

எழுதும்போது

ஒரே விஷயத்துக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் போடுங்கள், 'மேட்டுத் தெருவில் இப்படிச் சொல்கிறார்கள், காலனியில் இப்படிச் சொல்கிறார்கள், 1938 பத்திரத்தில் இப்படி இருக்கிறது' என்று. எது காகிதம், எது பேச்சு, எது உங்கள் ஊகம் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஊர்ப் பெயர்க் காரணத்துக்கு அரைப் பக்கத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் நிலத்தகராறு, ஓடிப்போன கல்யாணம், கோர்ட்டு கேசு எதுவும் வேண்டாம்.

அச்சடிக்கும் முன்னால் வரைவை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு இடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஒருமுறை கோயில் திண்ணையில், ஒருமுறை காலனியில். திண்ணையில் மட்டும் படித்தால் பாதிப் பேர் வந்து உட்கார முடியாது. சண்டை வரும், வரட்டும், பெரும்பாலும் உபயத்தின் வரிசையைப் பற்றியும் கிணற்றுப் பங்கைப் பற்றியும்தான் இருக்கும், அந்த ஆட்சேபணைகளையும் பெயர் போடாமல் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஐம்பது பிரதி போதும். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒன்று, வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று. பத்திரங்களின் படங்களை மட்டும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, எந்தப் படம் எந்தச் சர்வே எண்ணுக்கு என்ற பட்டியலோடு, ஊரில் இரண்டு வெவ்வேறு வகையறா வீட்டில் கொடுத்து வையுங்கள்.